குரலுக்கு வழிவிடும் இசை: வகுப்பறைக் காணொலிகளில் பின்னணி இசை

ஆழ்வார்குறிச்சிப் பிள்ளைகளுக்குக் கடனாநதியை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆறு எங்கே பிறக்கிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அதற்காகத் திறன்பேசியில் நான்கு நிமிடக் காணொலி ஒன்று தயாரித்தேன். மேற்குத் தொடர்ச்சி மலை, சிவசைலம் அருகே உள்ள அணை, வழியில் வந்து சேரும் ராமாநதி, திருப்புடைமருதூர் அருகே தாமிரபரணியில் கலக்கும் இடம் என்று வரிசையாகப் படங்களை அடுக்கி, என் குரலில் விளக்கம் சேர்த்தேன். பார்த்தபோது ஏதோ வெறுமையாக இருப்பதுபோல் தோன்றியது. புல்லாங்குழலும் தபலாவும் கலந்த ஓர் இசையைத் தேடி எடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை ஓடவிட்டேன். இப்போது தொலைக்காட்சி நிகழ்ச்சிபோல் இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

வகுப்பில் காட்டினேன். பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். முடிந்ததும், “கடனாநதியில் வந்து சேரும் ஆறு எது?” என்று கேட்டேன். பதில் இல்லை. “என்ன பிடித்தது?” என்றேன். “அந்த மியூசிக் நல்லா இருந்துச்சு டீச்சர்” என்று பல குரல்கள் ஒன்றாக வந்தன.

மறுநாள் இசையை எடுத்துவிட்டு அதே காணொலியைக் காட்டினேன். இம்முறை பதில்கள் வந்தன. இரண்டாம் முறை பார்ப்பதால் கூடுதலாகப் புரிந்திருக்கலாம். எனவே இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைசி வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரும் மாணவி சொன்னதை மறக்க முடியவில்லை: “நேத்து ராமாநதின்னு சொன்னது எனக்குக் கேக்கவே இல்ல டீச்சர்.”

அன்றிலிருந்து காணொலியில் இசை சேர்க்கும்போதெல்லாம் அந்த மாணவியின் காதை வைத்துக்கொண்டுதான் கேட்டுப் பார்க்கிறேன். இந்தக் கட்டுரையும் அந்த இடத்திலிருந்துதான் எழுதப்படுகிறது.

ஏன் இசை சேர்க்கிறோம்?

2018ஆம் ஆண்டு முதல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டில் கல்வி தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது நம்மில் பலர் முதன்முறையாகப் பாடக் காணொலி தயாரிக்கக் கற்றுக்கொண்டோம். 2023இல் மணற்கேணி செயலி வந்தது. உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் திறன்மிகு வகுப்பறைகளும் வந்தபின் காணொலி நம் அன்றாடக் கற்பித்தலின் பகுதியாகிவிட்டது.

படம் எடுக்கவும் வெட்டி ஒட்டவும் நாமே கற்றுக்கொண்டோம். ஒலி பற்றி மட்டும் அதிகம் யோசிக்கவில்லை. திரைப்படத்திலும் விளம்பரத்திலும் எப்போதும் இசை ஒலிப்பதைக் கேட்டுப் பழகியதால், இசை இல்லாத காணொலி முடிவுபெறாததுபோல் நமக்குத் தோன்றுகிறது. ஆனால் திரைப்படத்தில் கதாபாத்திரம் முக்கியமான வசனம் பேசும் இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். இசை மிகவும் தாழ்ந்துவிடும் அல்லது நின்றே போயிருக்கும். அங்கே இசையமைப்பாளரும் ஒலிப்பதிவாளரும் காட்சிக்குக் காட்சி அளந்து செய்யும் வேலையை, நாம் ஒரே பாட்டைத் தலைமுதல் கால்வரை ஓடவிட்டு முடித்துவிடுகிறோம்.

நம் பகுதியிலேயே வேறொரு முன்மாதிரி உண்டு. தென்கச்சி கோ. சுவாமிநாதன் திருநெல்வேலி வானொலி நிலையத்தில் வேளாண் நிகழ்ச்சிகளில் பணியாற்றியவர். பின்னர் ‘இன்று ஒரு தகவல்’ மூலம் தமிழகம் முழுவதும் அறியப்பட்டார். அந்த நிகழ்ச்சியைத் தாங்கி நின்றது அவருடைய குரலும் நிதானமும் சரியான இடத்தில் விட்ட இடைவெளியும்தான். தகவல் சொல்லும் குரலுக்கு அதுவே போதுமான அழகு.

மனத்துக்குள் நடப்பது என்ன?

பாடத்தைக் கேட்கும் குழந்தை, கேட்ட சொற்களைச் சில நொடிகள் மனத்தில் பிடித்துவைத்து, முன்பே தெரிந்ததோடு இணைத்துப் பொருள்கொள்கிறது. இந்தத் தற்காலிக இடத்தை உளவியலாளர்கள் ‘செயல் நினைவு’ என்கிறார்கள். ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்சும் 1974இல் முன்வைத்த விளக்கத்தின்படி, காதால் கேட்கும் சொற்களுக்குத் தனியாக ஒரு பகுதி உண்டு. அதன் கொள்ளளவு மிகச் சிறியது. சிறிய குடத்தில் இரண்டு குழாய்களைத் திறந்துவிட்டால் தண்ணீர் வெளியே வழியும். எது தங்கும், எது வழியும் என்பது நம் கையில் இல்லை.

இதை நேரடியாகச் சோதித்தவர்கள் ரொக்சானா மொரேனோவும் ரிச்சர்ட் மேயரும். 2000ஆம் ஆண்டில் வெளியான அவர்களது ஆய்வில், மாணவர்களுக்கு இரண்டு அசைபடப் பாடங்கள் காட்டப்பட்டன. ஒன்று மின்னல் உண்டாகும் விதம். மற்றொன்று வாகனத்தின் ஹைட்ராலிக் பிரேக் இயங்கும் விதம். ஒரு குழுவுக்கு விளக்கக் குரல் மட்டும். மற்றக் குழுக்களுக்குப் பின்னணி இசை, துணை ஒலிகள் அல்லது இரண்டும் சேர்க்கப்பட்டன. பிறகு, நினைவில் நின்றது எவ்வளவு, கற்றதைப் புதிய கேள்விக்குப் பயன்படுத்த முடிகிறதா என்று இரண்டு வகையில் சோதித்தார்கள். இசை கேட்ட குழுக்கள், கேட்காத குழுக்களைவிடப் பின்தங்கின. இசையும் ஒலிகளும் சேர்ந்து வந்தபோது, வெறும் குரல் கேட்டவர்களைவிடக் குறைவாகவே செய்தார்கள். அந்த இசை பிழையானதோ கேட்க இனிமையற்றதோ அல்ல. பாடத்துக்குத் தேவையற்றது, அவ்வளவுதான்.

இசையில் பாடல் வரிகள் இருந்தால் பாதிப்பு இன்னும் கூடும். சொற்களை மனத்தில் வைத்திருக்கும் பணிக்கு, கருவி இசையைவிடக் குரலிசை அதிகம் இடையூறு செய்கிறது என்று பியர் சலாமேயும் பேட்லியும் 1989இல் காட்டினார்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்த திரைப்பாடலின் மெட்டை மட்டும் போட்டாலும், பல பிள்ளைகள் மனத்துக்குள் அதன் வரிகளைப் பாடத் தொடங்கிவிடுவதை நாமே வகுப்பில் பார்க்கிறோம்.

எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மெல்லிய இசை பாதிக்கவில்லை என்று கண்டவையும் உண்டு. ஆனால் 2017இல் ஜெர்மனியில் ஜனினா லேமன், டினா சொய்ஃபர்ட் வெளியிட்ட ஆய்வு நமக்கு முக்கியமானது. பின்னணி இசையோடு படித்தவர்களில், செயல் நினைவின் கொள்ளளவு கூடுதலாக உள்ளவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். குறைவாக உள்ளவர்களால் அந்த அளவு முடியவில்லை. அதாவது, இசையின் சுமை எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. ஏற்கெனவே தடுமாறும் பிள்ளைமீதுதான் அதிகம் விழுகிறது. முதல் வரிசையில் இருந்து சட்டென்று பதில் சொல்லும் மாணவரை வைத்து, “என் காணொலி எல்லோருக்கும் புரிகிறது” என்று முடிவுசெய்யக் கூடாது என்பதற்கு இது காரணம்.

‘இசை கேட்டால் மூளை வளரும்’ என்பது உண்மையா?

ஆசிரியர் அறைகளில் ‘மொசார்ட் விளைவு’ பற்றிப் பேச்சு வரும். 1993இல் நேச்சர் இதழில் வந்த சிறிய ஆய்வு அதன் தொடக்கம். அதில் 36 கல்லூரி மாணவர்கள் பங்கேற்றார்கள். 10 நிமிடம் மொசார்ட் இசை கேட்டபின், இடஞ்சார்ந்த சிந்தனைத் தேர்வொன்றில் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள். அந்தப் பயன் ஏறத்தாழ 10 முதல் 15 நிமிடம் மட்டுமே நீடித்தது. இதில் குழந்தைகள் இல்லை; பாடம் இல்லை; இசையும் தேர்வும் ஒரே நேரத்தில் நடக்கவும் இல்லை. எனவே, பாடம் ஓடும்போது இசையும் ஓடலாம் என்பதற்கு இது சான்றாகாது.

தமிழ் ஒலிகளுக்கு நேரும் இழப்பு

பேச்சில் உயிரொலிகள் வலுவாகவும் நீண்டும் ஒலிக்கும். மெய்யொலிகள் பல, மெல்லியவை, குறுகியவை. பக்கத்தில் வேறு ஒலி வந்தால் முதலில் மறைவது மெய்யொலிகள்தான். தமிழிலோ பொருளை மாற்றுவது பெரும்பாலும் இந்தச் சிறு ஒலிகளே. மலை - மழை, பல்லி - பள்ளி, அரம் - அறம், கரி - கறி. ‘காய்கிறது’ என்பதற்கும் ‘காய்க்கிறது’ என்பதற்கும் இடையே இருப்பது ஒரே ஒரு ‘க்’. ‘அணையில்’, ‘அணையின்’, ‘அணையால்’ என்ற வேற்றுமை உருபுகள் சொல்லின் கடைசியில் வருகின்றன. பேசும்போது குரல் தாழ்வதும் அங்கேதான்.

நம் தென்பகுதிக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே பல வீடுகளில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கிறது. ‘வாளப்பளம்’ என்று கேட்டு வளரும் பிள்ளைக்கு ‘வாழைப்பழம்’ என்ற ஒலிப்பு பள்ளியில்தான் பழக்கமாகிறது. வீட்டுப் பேச்சு குறையுடையது அல்ல; ஆனால் எழுதும்போது ல, ள, ழ குழம்பாமல் இருக்க, அந்த வேறுபாடு காதில் தெளிவாக விழ வேண்டும். வகுப்பில் கேட்கும் காணொலி அதற்குக் கிடைக்கும் அரிய வாய்ப்பு. அந்த நேரத்தில் ஒரு தபலா தட்டு ழகரத்தின்மேல் விழுந்தால், பிள்ளை ஊகித்துக்கொள்கிறது. ஊகம் பெரும்பாலும் வீட்டில் பழகிய ஒலியின் பக்கமே சாயும்.

பெரியவர்களாகிய நமக்கு இந்த இழப்பு தெரிவதில்லை. நமக்குச் சொற்கள் முன்பே தெரியும். கேட்காத எழுத்தை மனமே நிரப்பிக்கொள்ளும். இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்கும் திறன் குழந்தைகளிடம் பதின்பருவம்வரை படிப்படியாக வளர்கிறது. காணொலி தயாரித்தவருக்கோ வசனமே மனப்பாடம். எனவே, ஒலியைச் சரிபார்க்கத் தகுதி குறைந்த காது தயாரித்தவருடையதுதான்.

வகுப்பறை வேறு, ஹெட்போன் வேறு

இரவில் வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இசையைச் சேர்க்கும்போது எல்லாம் அளவாகத்தான் இருக்கும். அதே காணொலி வகுப்பறையில் ஒலிக்கும்போது நிலைமை மாறுகிறது. சிமெண்டுச் சுவரும் காங்கிரீட் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. மின்விசிறி, பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு, சாலையில் போகும் பேருந்து எல்லாம் சேர்கின்றன. சிறிய ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டினால் குரலோடு இசையும் கூடுகிறது. குரல் மட்டும் தெளிவதில்லை.

செவித்திறன் குறைந்த பிள்ளையின் நிலை இன்னும் கடினம். காதுகேள் கருவி குரலை மட்டும் பிரித்துப் பெரிதாக்குவதில்லை. இசையையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. ஜலதோஷத்தாலோ காதில் சீழ் வடிவதாலோ சில வாரங்கள் குறைவாகக் கேட்கும் பிள்ளைகளும் எந்தத் தொடக்கப் பள்ளியிலும் இருப்பார்கள். அவர்களுக்கு எந்தச் சான்றிதழும் இராது. “கவனிக்கவில்லை” என்ற பெயர்தான் கிடைக்கும்.

இணைய உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்ட வேண்டும் என்பதற்காக உருவான உலகளாவிய வழிகாட்டு நெறிகள் 2008 முதலே ஓர் அளவைச் சொல்கின்றன. பேச்சை முதன்மையாகக் கொண்ட ஒலிப்பதிவில் பின்னணி ஒலி இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது அதை நிறுத்தும் வசதி இருக்க வேண்டும், அல்லது அது பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும். 20 டெசிபல் என்றால் ஒலியலையின் வீச்சு பத்தில் ஒரு பங்கு. காதுக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சத்தமாகத் தோன்றும். நம்மில் பலர் வைக்கும் ‘பாதி அளவு’ இதற்கு அருகில்கூட வராது.

இசைக்கு உரிய இடம்

இசையே வேண்டாம் என்பது இதன் பொருள் அல்ல. குரல் ஒலிக்காத இடமெல்லாம் இசைக்கு உரியது.

தொடக்கத்தில் ஐந்து முதல் பத்து நொடி இசை வரலாம். “பாடம் தொடங்குகிறது” என்று பிள்ளைகளின் கவனத்தைத் திருப்ப அது உதவும். ஒரு கருத்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சிறு இசைத்துணுக்கு, பத்தி பிரிப்பதுபோல் வேலை செய்யும். “நோட்டில் படம் வரையுங்கள்” என்று நேரம் தரும்போதும், முடிவில் பெயர்கள் வரும்போதும் இசை இருக்கலாம்.

இசையே பாடமாக இருக்கும் இடமும் உண்டு. ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் பாடும் பாடலில் மெட்டும் தாளமும் சொற்களைச் சுமந்து வருகின்றன. அங்கே இசையும் சொல்லும் ஒன்றே, போட்டி இல்லை. வில்லுப்பாட்டு பற்றியோ கணியான் கூத்து பற்றியோ காணொலி செய்தால் வில்லின் மணியோசையையும் மகுடத்தின் ஒலியையும் கட்டாயம் கேட்கவைக்க வேண்டும். வில்லுப்பாட்டுக் கலைஞர்களே நமக்கு ஒரு பாடம் சொல்கிறார்கள். பாட்டின்போது முழு வேகத்தில் ஒலிக்கும் இசை, கதையை உரைநடையில் விளக்கும் இடத்தில் அடங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர் “ஆமா” போட மட்டும் இடம் இருக்கும்.

இயற்கை ஒலிகளுக்கும் இதே முறைதான். என் கடனாநதிக் காணொலியில் இப்போது இசை இல்லை. அணைக்குக் கீழே தண்ணீர் பாயும் ஓசை ஏழு நொடி தனியாக ஒலிக்கிறது. அது அடங்கியபின் என் குரல் தொடங்குகிறது. பிள்ளைகள் அந்த ஏழு நொடியில் முன்னால் சாய்ந்து கேட்கிறார்கள்.

தயாரிக்கும்போது செய்ய வேண்டியவை

1. முதலில் குரலை மட்டும் பதிவுசெய்து முடியுங்கள். மின்விசிறியை நிறுத்தி, திறன்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பேசினால் குரல் தெளிவாக வரும். குரல் தெளிவாக இருந்தால் இசையின் தேவை பாதி குறைந்துவிடும்.

2. முக்கியமான சொல்லுக்குப் பின் ஒரு நொடி நிறுத்துங்கள். வெறுமை என்று நாம் நினைக்கும் அந்த நொடியில்தான் பிள்ளை சொல்லை மனத்தில் அடுக்குகிறது.

3. இசை சேர்த்தால் பாடல் வரிகள் இல்லாததாகவும், பிள்ளைகளுக்கு முன்பே தெரியாததாகவும், தாளம் தணிந்ததாகவும் இருக்கட்டும். குரல் தொடங்குமுன் அதை மெல்லக் குறைத்து நிறுத்துங்கள்.

4. குரலின்கீழ் இசை வந்தே ஆக வேண்டும் என்றால், குரலும் இசையும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும்போது, இசையை 10 விழுக்காட்டுக்கும் கீழே வையுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் குரல் வரும் இடங்களில் இசையைத் தானாகத் தாழ்த்தும் வசதி உண்டு.

5. பாடத்தை அறியாத ஒருவரிடம் சோதியுங்கள். வகுப்பறையில், மின்விசிறி ஓட, கடைசி வரிசையில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து, திரையைப் பார்க்காமல் கேட்கச் சொல்லுங்கள். காணொலியில் வரும் ஐந்து பெயர்களை எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழைகளே எந்த ஒலி கேட்கவில்லை என்று காட்டிவிடும்.

பிறர் தயாரித்த காணொலியில் இசை மிகுந்திருந்தால் அதை ஒதுக்க வேண்டியதில்லை. ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிட்டு, நீங்களே விளக்குங்கள். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், கேள்வி கேட்கலாம், பிள்ளைகளின் ஊர்ப் பெயரைச் சொல்லலாம். புதிய சொற்களை முன்பே கரும்பலகையில் எழுதிவைத்தால் கேட்காத ஒலியைக் கண் ஈடுசெய்யும்.

யாருடைய இசை?

பதிப்புரிமை பற்றியும் ஒரு சொல். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் ஒரு படைப்பைப் பயன்படுத்துவதற்குச் சில விலக்குகளைத் தருகிறது. ஆனால் காணொலியை யூடியூபில் பொதுவெளியில் ஏற்றும்போது அது வகுப்பறையைத் தாண்டிவிடுகிறது. அங்கே திரையிசையைத் தானியங்கி முறையில் கண்டுபிடித்துவிடுவார்கள்; ஒலி நீக்கப்படலாம், காணொலியே தடைபடலாம், பாடத்துக்கு நடுவே விளம்பரம் வரலாம். நாட்டுப்புறப் பாடல் பொதுச்சொத்தாக இருந்தாலும், அதை ஒருவர் பாடிப் பதிவுசெய்த ஒலித்தட்டுக்குத் தனி உரிமை உண்டு. இந்தியாவில் அது வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். யூடியூபின் ஒலி நூலகத்தில் இலவசமாகப் பயன்படுத்தத்தக்க இசை கிடைக்கிறது. சிலவற்றுக்கு இசைத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். அதைவிட நல்ல வழி, நம் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்வது. உறுமியோ தப்போ புல்லாங்குழலோ தெரிந்த பிள்ளை பல பள்ளிகளில் இருக்கும். பத்து நொடித் தொடக்க இசைக்கு அது போதும்.

நிறைவாக

காணொலிக்கு இசை சேர்க்குமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: இந்த இசை பிள்ளைக்கு எதைப் புரியவைக்கிறது? பதில் இருந்தால் அதற்குத் தனி இடம் கொடுப்போம். பதில் இல்லையென்றால் விட்டுவிடுவோம்.

கடைசி வரிசை மாணவி இந்த ஆண்டு தன் நோட்டில் கடனாநதியின் படம் வரைந்தாள். நடுவில் வந்து சேரும் கோட்டுக்கு அருகே ‘ராமாநதி’ என்று தெளிவாக எழுதியிருந்தாள். அந்தப் பெயர் இந்த முறை அவள் காதுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.